சேற்றுக்குப் பரிசு இல்லை

1

2019 டிசம்பரில் ஆபீஸ் வேலையாக டல்லாஸில் ஆறு வாரம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, டீமில் இருந்த ஒரு டெக்ஸாஸ்காரர், "குதிரை பார்க்க வர்றியா?" என்று கேட்டார். ரேஸ் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். பக்கத்து நகரமான ஃபோர்ட் வொர்த்தில் வில் ராஜர்ஸ் கொலீசியம் என்ற பழைய உள்ளரங்கம். உள்ளே போனால் ஓட்டப்பாதையே இல்லை. மண் பரப்பிய தரை, ஒரு ஓரத்தில் கொஞ்சம் மாடுகள், அவ்வளவுதான்.

ஒருவர் குதிரையில் ஏறி மாட்டு மந்தைக்குள் போனார். வேகமே இல்லை, கோயில் பிராகாரத்தில் நடக்கிற மாதிரி போனார். ஒரு கன்றை மட்டும் மெல்ல மந்தையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். வந்ததும் கடிவாளம் பிடித்த கையைத் தாழ்த்திக் குதிரையின் கழுத்தோடு வைத்துவிட்டார். அதற்கு மேல் எல்லாம் குதிரையின் பொறுப்பு. கன்று மந்தைக்குத் திரும்பத் துடிக்கிறது, குதிரை முன்னங்காலை மடித்துக் குனிந்து மறிக்கிறது. கன்று இடது பக்கம் பாய்ந்தால் குதிரையும் இடது பக்கம், வலது என்றால் வலது. சின்ன வயதில் சடுகுடு பார்த்தவர்களுக்கு அந்தக் குதிரையின் கண்ணைப் பார்த்தாலே ஆட்டம் புரிந்துவிடும்.

ஒருவருக்கு இரண்டரை நிமிடம். அதற்குள் இரண்டு மூன்று மாடுகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். நடுவர்கள் 60-க்கும் 80-க்கும் இடையில் மதிப்பெண் போடுவார்கள். பிரித்த மாடு மந்தைக்குள் ஓடிவிட்டால் ஐந்து மதிப்பெண் போச்சு. இது மூன்று வயதுக் குதிரைகளுக்கான போட்டி. அதற்கு முன் எந்தப் போட்டியிலும் இறங்கியிருக்கக் கூடாது. முதல் பரிசு இரண்டு லட்சம் டாலரைத் தாண்டும் என்று நண்பர் சொன்னார். நான் மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்து வாயைப் பிளந்தேன்.

அந்த இரவு அறைக்கு வந்தபிறகும் தூக்கம் வரவில்லை. பணத்தால் இல்லை. அந்தக் குதிரை செய்தது விளையாட்டு மாதிரியே தெரியவில்லை, அது வேலை. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பண்ணையில் செய்த வேலையை, அந்த வேலை தேவைப்படாத காலத்தில், ஒரு கூரைக்குக் கீழே செய்துகொண்டிருந்தது. அதற்குக் கைதட்டினார்கள், காசும் கொடுத்தார்கள். எனக்கு ஊரில் வேலை போன மாடுகளும் குதிரைகளும் ஞாபகத்துக்கு வந்தன.

2

அம்மாவின் ஊர் திருக்கடையூர் பக்கம். அறுபதாம் கல்யாணத்துக்கு எல்லோரும் போகிற அதே திருக்கடையூர். எங்களுக்கு அந்த ஊர் என்றால் காணும் பொங்கல், காணும் பொங்கல் என்றால் எல்கைப் பந்தயம். எல்லை என்பதைத்தான் 'எல்கை' என்பார்கள். எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்புவதால் அந்தப் பெயர். தரங்கம்பாடி போகும் சாலையில் மாட்டுவண்டிகளும் குதிரைவண்டிகளும் பறக்கும். 1620-இல் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடிதான். வருடம் முழுக்க டூரிஸ்ட் கார் ஓடுகிற சாலை, அன்றைக்கு ஒருநாள் குளம்புக்குச் சொந்தம்.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் நோட்டீஸ் வரும். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு. அதேபோல் பெரிய குதிரை, நடுக்குதிரை, கரிச்சான் குதிரை என்று பிரிவுகள். உருவத்தையும் வயதையும் பார்த்துப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பரிசுக்கும் பக்கத்தில் 'உபயம்' என்று ஒரு பெயர் இருக்கும். சிங்கப்பூரில் இருக்கிற ஒருத்தர், கடைவீதி முதலாளி ஒருத்தர், இறந்துபோன அப்பாவின் நினைவாக ஒரு மகன். டெல்டாவிலும் அதற்குத் தெற்கே புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமையிலும் நடக்கிற வண்டிப் பந்தயங்களின் நோட்டீஸ் எல்லாமே இப்படித்தான் இருக்கும். ஜெயிக்கிற வண்டியின் உரிமையாளருக்குப் பணம், ஓட்டின சாரதிக்குக் கொடி.

ஃபோர்ட் வொர்த்தில் நண்பர் சொன்ன ஒரு விஷயம் இங்கேதான் உறைத்தது. அங்கே பரிசுப் பணத்தில் பெரும்பங்கு போட்டியாளர்களே கட்டுகிற நுழைவுக் கட்டணம். எல்லோரும் பானையில் போடுவார்கள், ஜெயித்தவன் அள்ளுவான். நம் ஊரிலும் நுழைவுக் கட்டணம் உண்டு, ஆனால் பானையை நிரப்புவது உபயதாரர். கோயில் மண்டகப்படி எப்படியோ அப்படித்தான் இதுவும். பரிசு கொடுப்பவருக்கும் அதில் ஒரு பேர் கிடைக்கிறது.

என் மாமா சில வருடம் குதிரை வைத்திருந்தார். ஒருமுறை இரண்டாம் பரிசு வாங்கினார். அந்தப் பணத்தை வைத்து என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கொள்ளு வாங்குன கடையில பாக்கி இருந்துச்சு, அதைக் குடுத்தேன். லாடம் அடிச்சவருக்குக் குடுத்தேன். வந்த பசங்களுக்குப் பிரியாணி. மிச்சம் உங்க அத்தைகிட்ட திட்டு."

"அப்ப எதுக்கு மாமா வச்சிருந்தீங்க?"

"அட போடா. வண்டி இழுக்காத குதிரைய வேற எப்பிடி வச்சிருக்கறது? பந்தயம்னு ஒண்ணு இருக்கப்போய்த்தான் கட்டியிருந்தேன்."

இந்தப் பதிலை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால் கட்டுரையே அதுதான்.

3

நெல் விளைகிற நாட்டில் குதிரை எப்போதும் விருந்தாளிதான். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். வெளியிலிருந்து வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

ஏன் இங்கேயே வளர்க்கவில்லை? இதற்கு ஒரு வெளியூர்க்காரரின் குறிப்பு இருக்கிறது. 1290-களில் இந்தக் கடற்கரை வழியாகப் போன மார்கோ போலோ, மாபார் என்று அரேபியர்கள் அழைத்த சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதியிருக்கிறார். 1279-க்குப் பிறகு சோழர் ஆட்சி முடிந்து டெல்டா பாண்டியர் கையில் இருந்த காலம். இங்கே அரசர்கள் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், வருட முடிவில் அதில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் போலோ. குதிரை வைத்தியர் கிடையாது; விற்கிற வியாபாரிகள் வைத்தியரை வேண்டுமென்றே அனுப்புவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் வியாபாரம். குதிரைக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் போடுகிறார்கள் என்றும், நல்ல ஜாதிக் குதிரையைச் சேர்த்தாலும் கோணக்கால் குட்டிதான் பிறக்கிறது என்றும் எழுதுகிறார். போலோவுக்குக் கொஞ்சம் மிகைப்படுத்துகிற பழக்கம் உண்டு. ஆனால் ஏறக்குறைய அதே காலத்தைப் பற்றி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப்பும் வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து வருடத்துக்குப் பத்தாயிரம் குதிரை வரை மாபாருக்கும் மற்ற இந்தியத் துறைமுகங்களுக்கும் போனதாகவும், ஒரு குதிரை 220 பொன் தினார் என்றும் கணக்குச் சொல்கிறார். கடலில் செத்த குதிரைக்கும் சேர்த்து இங்கிருந்து பணம் போயிருக்கிறது. எங்கள் ஊர் நெல்லின் காசு எவ்வளவு குதிரையாகக் கரைந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

உயிருள்ள குதிரை நிலைக்காத ஊரில் உயிரில்லாத குதிரை நன்றாகவே நிலைத்தது. தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயிலில், கல் சக்கரம் வைத்த மண்டபத்தைக் கல் குதிரை இழுக்கிறது. ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண் குதிரை. தஞ்சாவூரில் மராட்டியர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பொய்க்கால் குதிரை. அதில் ஆடுகிறவரின் கால்தான் குதிரையின் கால். சரஸ்வதி மகால் நூலகத்தில் நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரம் படங்களோடு இருக்கிறது. கல்லிலும் மண்ணிலும் ஓலையிலும் நமக்குக் குதிரைக்குக் குறைவே இல்லை.

நிஜக் குதிரை ஏழைகளின் கைக்கு வந்தது ஜட்காவால்தான். கும்பகோணம், மாயவரம், தஞ்சாவூர் ஸ்டேஷன் வாசல்களில் ரயிலுக்குக் காத்துக்கொண்டு நின்ற வண்டிகள். போர்க்குதிரை இல்லை, மட்டக்குதிரை. அம்மாவின் ஊரில் ஒரு ஜட்காக்காரத் தாத்தா இருந்தார். மாயவரம் ஸ்டேஷனில் இறங்கினால் அவர் வண்டிதான். ஆட்டோ வந்தது, மினி பஸ் வந்தது, சவாரி நின்றது. அவருடைய கடைசிக் குதிரை பந்தயத்துக்குப் போனது. மாமா சொன்ன கதையும் இதுதான்: குதிரையின் வேலை போன இடத்தில் பந்தயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது பந்தயக்காரர்கள் குதிரை தேடி ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை வரை போகிறார்கள்.

4

டெக்ஸாஸிலும் இதேதான் நடந்தது, நமக்கு நூறு வருடம் முன்னால்.

அங்கே மேய்ச்சல் நிலத்துக்கு வேலி கிடையாது. பல பண்ணைகளின் மாடுகள் கலந்து மேயும். சீசன் வந்தால் எல்லாவற்றையும் வளைத்து ஓட்டிவந்து, யார் கன்று யாருடையது என்று பிரித்துச் சூடு போடுவார்கள். ஆயிரம் மாடு நிற்கிற கூட்டத்தைக் கலவரப்படுத்தாமல் ஒன்றை மட்டும் வெளியே எடுக்கத் தனித் திறமை உள்ள குதிரை வேண்டும். அப்படி ஒன்று அமைந்தால் அதைச் சாதாரண சவாரிக்குக்கூடத் தொடமாட்டார்கள்.

1874-இல் ஜோசப் கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். பத்துப் பதினைந்து வருடத்தில் மேய்ச்சல் நிலத்தைக் கம்பி கூறுபோட்டது. மாடுகள் கலப்பது குறைந்தது. கலக்காத மாட்டைப் பிரிக்க வேண்டிய அவசியமும் குறைந்தது. நம் டிராக்டர் செய்ததை அங்கே ஒரு கம்பிச்சுருள் செய்தது.

1898-இல் டெக்ஸாஸின் ஹாஸ்கெல் என்ற ஊரில் கௌபாய்கள் ஒன்றுகூடிய விழாவில் ஒரு போட்டி வைத்தார்கள். யார் குதிரை நன்றாக மாடு பிரிக்கிறது? பரிசு 150 டாலர். அந்தக் காலத்துக் கூலிக்காரனுக்கு அது பல மாதச் சம்பளம். சாம் கிரேவ்ஸ் என்பவர், வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து விட்டிருந்த 'ஓல்ட் ஹப்' என்ற கிழட்டுக் குதிரையைக் கொண்டுவந்தார். அதற்கு 22 வயது என்பார்கள். ஜெயித்தது ஹப்தான். பணத்துக்காக நடந்த முதல் கட்டிங் போட்டி என்று இதைத்தான் பதிவு செய்கிறார்கள்.

அங்கிருந்து கதை வேகமெடுக்கிறது. 1946-இல் இந்தப் போட்டிக்கென்றே தேசிய அளவில் ஒரு சங்கம். 1962-இல் ஸ்வீட்வாட்டர் என்ற ஊரில் மூன்று வயதுக் குதிரைகளுக்கான முதல் பியூச்சரிட்டி. பஸ்டர் வெல்ச் என்பவர் 'மணீஸ் க்ளோ' என்ற குதிரையில் ஜெயித்தார். நான் பார்த்தது அதன் தொடர்ச்சி. இன்றைக்கு ஒரு பொலிகுதிரையின் விலையைத் தீர்மானிப்பது அதுவும் அதன் குட்டிகளும் ஜெயித்த பரிசுத்தொகை. வம்சாவளிப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே டாலர் கணக்கு இருக்கும்.

கவனியுங்கள், கிழட்டு ஹப் ஜெயித்த ஆட்டத்தில் இப்போது பெரிய பணம் மூன்று வயதுக் குட்டிகளுக்கு. இரண்டு வயதிலேயே பயிற்சி தொடங்க வேண்டும். எலும்பு முற்றாத காலில் அந்தப் பாய்ச்சலைப் பழக்குவது சரியா என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது. பணம் ஒரு திறமையைக் காப்பாற்றும்போது அதைத் தன் வசதிக்குக் கொஞ்சம் வளைக்கவும் செய்யும். நம் பந்தயச் சாலையில் சாட்டையும் தார்க்குச்சியும் படுகிற முதுகைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் என்னை விடவில்லை. அவர்கள் வைத்த போட்டி, குதிரையின் வேகத்தை அளக்கவில்லை. அது செய்த வேலையையே அளந்தது. குனிவது, காத்திருப்பது, மாட்டின் மனசைப் படிப்பது, இதற்கெல்லாம் மதிப்பெண். அதனால் நூற்று இருபது வருடம் கழித்தும் அந்த அறிவு ஒரு விலங்கின் உடம்பில் மிஞ்சியிருக்கிறது.

5

இப்போது அப்பாவின் ஊருக்கு வருகிறேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, உப்புக் காற்று அடிக்கிற கடைமடை. தாத்தாவிடம் ஒரு ஜோடி உம்பளச்சேரி எருதுகள் இருந்தன.

டெல்டாவுக்கென்றே ஒரு மாட்டினம் இருக்கிறது என்று சொன்னால் என் வயதுக்காரர்களே நம்புவதில்லை. தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரி என்ற ஊரின் பெயர். தெற்கத்தி மாடு, தஞ்சாவூர் மாடு, மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும், ஆறு எட்டு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வால் நுனியில் வெள்ளை. குட்டையான, கட்டுமஸ்தான உடம்பு. கடலோர உப்பறுகு மேய்ந்து, முழங்கால் சேற்றில் உழ, பரம்படிக்க என்றே உருவான மாடு. 1936-இல் வெளியான லிட்டில்வுட்டின் தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய புத்தகத்தில் இதற்கும் இடம் உண்டு.

'மொட்டை மாடு' என்ற பெயருக்குக் காரணம், உழவு எருதுகளுக்குக் கொம்பைத் தீய்த்துவிடுகிற வழக்கம். இதுவும் நாம் விலங்குக்குச் செய்த கொடுமைதான், மறைக்க வேண்டியதில்லை.

ஜல்லிக்கட்டு என்ற பெயரே கொம்பில் கட்டிய சல்லிக்காசிலிருந்து வந்தது என்பார்கள். துணியில் காசை முடிந்து கொம்பில் கட்டுவது, அடக்கினவன் அவிழ்த்துக்கொள்வது. தமிழனின் மிகப் பழைய பரிசுத்தொகை அதுவாகத்தான் இருக்க வேண்டும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் நாங்கள் கூடினோம். நானும் இரண்டு ராத்திரி அங்கே இருந்தேன், மொபைல் டார்ச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. 'நாட்டு மாட்டைக் காப்போம்' என்று கத்தினோம். சட்டம் வந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றுக்கொண்டது.

அந்த இரண்டு ராத்திரியிலும் எனக்கு உம்பளச்சேரி ஞாபகம் வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாங்கள் காப்பாற்றிய 'நாட்டு மாடு' வாடிவாசலில் பாய்கிற மாடு. திமிலும் கொம்பும் உள்ள மாடு. தஞ்சாவூர் பக்கம் திருக்கானூர்பட்டியிலும் அதற்கு வாடிவாசல் உண்டு. தாத்தாவின் எருதுகளுக்கோ கொம்பே இல்லை. கொம்பில்லாத மாட்டுக்குக் காசு முடிச்சை எங்கே கட்டுவது?

எல்கைப் பந்தயத்திலும் அதற்கென்று பிரிவு கிடையாது. அங்கே உருவமும் வயதும்தான் கணக்கு, இனம் இல்லை. தார்ச்சாலையில் வேகம்தான் கேள்வி. உம்பளச்சேரியும் வண்டி இழுக்கும், நல்ல வெயிலில் பாரமும் இழுக்கும். ஆனால் அதன் உண்மையான திறமை சேற்றில் கால் சிக்காமல், நின்று நிதானமாக, மத்தியானம் வரைக்கும் ஒரே சீராக நடப்பது. அந்தத் திறமைக்கு யாரும் எந்த நோட்டீஸிலும் உபயம் போட்டதில்லை.

பவர் டில்லர் ஊருக்குள் வந்த இரண்டாம் வருடம் தாத்தா ஜோடியை விற்றார். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். லாரி ஏற்றியதை யாரும் பார்க்கப் போகவில்லை. தாத்தா மட்டும் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. "எங்க தாத்தா அனுப்புனீங்க?" என்று கேட்டதற்கு, "உழவுக்குத்தான்டா வாங்கிட்டுப் போறாங்க" என்றார். உழவுக்கு மாடு வாங்குகிறவன் லாரியில் இருபது மாட்டை ஏற்றமாட்டான் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

6

சேற்றில் போட்டி வைக்கவே முடியாதா என்றால், பக்கத்து மாநிலங்களில் வைத்திருக்கிறார்கள். கேரளத்தில் அறுவடை முடிந்த வயல் சேற்றில் மரமடி. தென் கன்னடத்தில் கம்பளா. 2020 பிப்ரவரியில் ஸ்ரீனிவாச கௌடா என்ற இளைஞர் எருமைகளோடு 142.5 மீட்டரை 13.62 வினாடியில் கடந்து, உசேன் போல்ட்டோடு ஒப்பிடப்பட்டு, நாம் எல்லோரும் ஃபார்வர்டு செய்தோமே, அந்தக் கம்பளா. அங்கேயும் வேகம்தான் அளவுகோல், ஆனால் சேறாவது இருக்கிறது.

நெல்லுக்குப் பேர்போன டெல்டாவில், சேற்றையே வாழ்க்கையாக வைத்திருந்த ஊரில், சேற்றுக்கு ஒரு பரிசு இல்லை. திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் உம்பளச்சேரி இனத்துக்கு அரசுக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. அந்தச் சேவையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பண்ணையில் மாட்டின் உடம்பைத்தான் காப்பாற்ற முடியும். முழங்கால் சேற்றில், வரப்பு முனையில், ஒரு 'ஹை' சத்தத்துக்கு ஜோடியாகத் திரும்புகிற அறிவு வேலையில்தான் இருந்தது, தாத்தாவின் கையிலும் மாட்டின் காலிலும் பாதிப்பாதியாக. ஓல்ட் ஹப்பின் அறிவு பிழைத்ததற்குக் காரணம் அந்த 150 டாலர் இல்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று யோசித்துக் கொடுத்த 150 டாலர்.

போட்டி வைத்தால் அதிலும் கொடுமை நுழையும், சூது நுழையும், சாட்டை நுழையும். தெரியும். பணம் வந்தால் பத்து வருடத்தில் ஏதோ ஒரு விதத்தில் அதுவும் வளைந்து போகும். ஆனால் இல்லாமல் போன மாட்டுக்கு வளைவும் இல்லை, நேரும் இல்லை.

போன பொங்கலுக்கு மாமா வாட்ஸ்அப்பில் ஒரு பந்தய நோட்டீஸை அனுப்பினார். பிரிவு பிரிவாகப் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"மாமா, நான் ஒரு உபயம் போடறேன். தார் ரோட்டுல இல்ல, வயல்ல. ஒரு ஜோடி உம்பளச்சேரி, ஒரு மா நிலம், பரம்படிக்கணும். யாரு சீக்கிரம்னு இல்ல, யாரு சுத்தமா அடிக்கிறாங்கன்னு பாக்கணும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

"மாட்ட விடு. அது கொருக்கையில கெடைக்கும்," என்றார். "சேத்துல ஜோடி கட்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளு இப்ப ஊர்ல எத்தன பேருன்னு நெனைக்கிற? நானே எண்ணிக்கிட்டு இருக்கேன்டா. ஒரு கை வெரலு போதும் போலருக்கு."

"அவங்களுக்குத்தான் மாமா பரிசு."

"பாப்போம்," என்றார். "குறுவை நடவுக்கு முன்னாடி கேட்டுப் பாக்குறேன். பெரியவருக்கு எழுபத்தஞ்சு ஆயிடுச்சு. அதுக்கு மேல தள்ள முடியாது."